இந்து போட்டுக்கு ஒரு பக்கம்: எங்கள் வீட்டார் குழுவில் ஒரு ஞாயிறு

பெரிய மாமா: பிள்ளை, நீ விக்கிப்பீடியாவில் எழுதுகிற ஆள்தானே. எங்கட ஊர்ப் பள்ளிக்கூடத்துக்கும் ஒரு பக்கம் போட்டுவிடு. விபரம் எல்லாம் நான் தருகிறேன்.

பெரிய மாமா: (படம்)

சின்ன மாமி: இது என்ன மஞ்சள் கடதாசி?

பெரிய மாமா: பள்ளிக்கூடம் விட்டுப் போகும்போது தந்த என்னுடைய விடுகைப் பத்திரம், 1959. அடியில் முத்திரையைப் பாருங்கோ. முகாமையாளர், சைவ வித்தியா விருத்திச் சங்கம். நாங்கள் இந்து போட் (Hindu Board) என்றுதான் சொல்லுவோம்.

நான்: மாமா, படம் வடிவாக இருக்கிறது. ஆனால் பள்ளிக்கூடத்துக்குத் தனிப் பக்கம் நிற்காது. முந்தி ஆங்கில விக்கிப்பீடியாவில் உயர்நிலைப் பள்ளி என்றாலே பெரும்பாலும் பக்கத்தை நீக்காமல் விட்டுவிடுவார்கள். 2017-க்குப் பிறகு அதுவும் இல்லை. ஒரு பள்ளி இருக்கிறது என்பது மட்டும் காரணமாகாது.

பெரிய மாமா: நூறு வருசப் பள்ளிக்கூடம் பிள்ளை!

நான்: வயது கணக்கில்லை மாமா. பள்ளியோடு தொடர்பில்லாத ஆட்கள் அதைப் பற்றி விரிவாக எழுதியிருக்க வேணும். அதைத்தான் குறிப்பிடத்தக்கமை என்கிறார்கள்.

அண்ணா: நூற்றாண்டு மலர் இருக்கிறதே?

நான்: மலர் பள்ளியே போட்டது. தன்னைத் தானே புகழ்ந்தால் சாட்சியாகுமா?

சின்ன மாமி: 😂

பெரிய மாமா: இந்தக் குழுவில் 23 பேர் இருக்கிறோம். பக்கத்தை நீக்குவதா என்று பேசுகிற இடத்தில் எல்லாரும் போய் ‘வேணும்’ என்று எழுதினால்?

நான்: ஐயோ மாமா, அது வாக்கெடுப்பு இல்லை. ஒரே வீட்டில் இருந்து 23 பேர் போனால் கைப்பாவைக் கணக்கு, ஒருவரே பல பெயரில் எழுதுகிறார் என்று சொல்லி எல்லாரையும் தடுத்துவிடுவார்கள். காரணம் ஒன்று உருப்படியாக இருந்தால் ஒருவர் போதும்.

பெரிய மாமா: இந்தச் செய்தி நீக்கப்பட்டது

அண்ணா: நான் வாசித்துவிட்டேன் மாமா 😂

நான்: ஆனால் பள்ளியை விட்டுவிட்டுச் சங்கத்தைப் பாருங்கோ, அது வேறு கதை. 1923-இல் தொடங்கினது. யாழ்ப்பாணப் பக்கம் நூற்றுக்கு மேற்பட்ட சைவப் பள்ளிக்கூடங்களை ஒரே முகாமையில் நடத்தினது. யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலியில் ஆசிரியர்களைப் பயிற்றின சைவ ஆசிரிய கலாசாலையும் அவர்களுடையதுதான். அமெரிக்க மிசன் 1816-இல் வந்து ஊரூராகப் பள்ளி கட்டினதற்கு 1848-இல் ஆறுமுக நாவலர் வண்ணார்பண்ணையில் ஒரு சைவப்பிரகாச வித்தியாசாலை வைத்தார். அந்த ஒன்றை ஊருக்கு ஊர் ஆக்கினது இந்து போட். அதற்குப் பக்கம் வேண்டாம் என்று யார் சொல்லுவது?

அண்ணா: சங்கத்தை நடத்தின ‘இந்து போட்’ இராசரத்தினம் ஐயாவுக்கு ஒரு பக்கம் எழுதி, சங்கத்தை அதற்குள் ஒரு பத்தியாக வைத்தால் போதாதோ? அவர்தானே எல்லாம்.

நான்: ஆளுடைய பெயர் சங்கத்துக்கு ஒட்டாது அண்ணா. சங்கத்தின் பெயர் மாமாவின் பள்ளிக்கும் ஒட்டாது. ஒவ்வொன்றும் தன் காலில் நிற்க வேணும். நிற்காததைப் பட்டியலில் ஒரு வரியாகப் போடலாம். மாமா, உங்கட பள்ளிக்கு அந்த வரி நிச்சயம்.

பெரிய மாமா: ஒரு வரி. சரி.

அண்ணா: ஆதாரத்துக்கு எங்கே போவாய்? பழைய பத்திரிகை எல்லாம் 1981-இல் எரித்த யாழ்ப்பாணப் பொது நூலகத்தோடு போய்விட்டதே. ஏறத்தாழ 97,000 புத்தகம். எரித்தும் விட்டு ஆதாரம் கொண்டா என்றால் இது என்ன நியாயம்?

நான்: அந்தக் கோபம் எனக்கும் இருக்கிறது. ஆனால் விதி இணையத்தில்தான் இருக்க வேணும் என்று கேட்கவில்லை. எங்கோ ஒரு நூலகத்தில் கடதாசியாக இருந்தாலும் சரி, பக்க எண் வேணும். 2005-இல் இருந்து ‘நூலகம்’ என்ற இணைய நூலகத் தளத்துக்காரர் வேறு எவ்வளவோ ஏற்றியிருக்கிறார்கள்.

அம்மா: இந்து சாதனம் பத்திரிகையில் வந்திருக்குமே. அப்பப்பா வரி விடாமல் வாசிப்பார்.

நான்: அது சைவ பரிபாலன சபையின் பத்திரிகை அம்மா. சபை வேறு, சங்கம் வேறு. ஆனால் ஒரே வட்டத்து ஆட்கள். தள்ளவும் வேண்டாம், அதை மட்டும் நம்பி நிற்கவும் வேண்டாம். உதயதாரகைப் பத்திரிகை ஏதாவது எழுதியிருந்தால் அதுதான் பொன்.

சின்ன மாமி: அது வேதக்காரரின், கிறிஸ்தவர்களின் பேப்பர் அல்லோ?

நான்: அதனால்தான் மாமி. போட்டிக்காரன் திட்டியிருந்தாலும் பொருட்படுத்தியிருக்கிறான் என்று ஆகும்.

நான்: இன்னொன்று. 1960 டிசம்பர் 1-இல் அரசு, உதவி பெறும் பள்ளிகளைத் தன் கையில் எடுத்துக்கொண்டதே, அந்தச் சட்டத்தைப் பற்றி எழுதினவர்கள் இந்து போட்டைத் தொடாமல் போக முடியாது. கல்வி அமைச்சு 1969-இல் போட்ட மூன்று தொகுதி நூற்றாண்டு நூலைத்தான் முதலில் புரட்டப் போகிறேன்.

பெரிய மாமா: (குரல் பதிவு 4:12)

அண்ணா: மாமா, பேருந்தில் இருக்கிறேன். சுருக்கமாகச் சொல்லுங்கோ.

அம்மா: நான் கேட்டேன். தண்டவாளத் துண்டைக் கட்டி மணி அடித்தது, சம்பளம் வராத மாதமும் வாத்தியார் வந்தது, எல்லாம் சொல்லுகிறார். பிடியரிசியும் சொன்னார். அது எனக்கும் ஞாபகம். உலையில் போட முன்னம் ஆச்சி ஒரு பிடி அள்ளி மூலையில் இருந்த தகரப் பேணியில் போடும். கிழமைக்கு ஒருக்கால் பள்ளிக்கூடத்துக்கு என்று வந்து வாங்கிப் போவார்கள். நான் பேணியில் கை வைத்து அடி வாங்கியிருக்கிறேன்.

அண்ணா: இதை எழுது! இதுதானே கட்டுரை!

நான்: இதைத்தான் எழுத முடியாது 😞 அம்மா சொன்னது என்று மேற்கோள் போட முடியாது. யாராவது அச்சில் எழுதியிருக்க வேணும்.

சின்ன மாமி: அப்ப அச்சில் போடு. ஊர்ச் சஞ்சிகைக்கு எழுதி அனுப்பு.

நான்: நானே எழுதி நானே மேற்கோள் காட்டினால் மலர்க் கதைதான் மாமி. ஆனால் எழுதத்தான் வேணும். அம்மா, பேணிக் கதையை எனக்குத் தனியாகப் பதிந்து அனுப்புங்கோ.

அம்மா: என் குரல் அடைத்திருக்கிறது. நாளைக்கு.

நான்: சங்கக் கட்டுரையை விக்கிப்பீடியாவில் வரைவு எழுதிப் பார்க்கிற என் மணல்தொட்டியில் தொடங்கியிருக்கிறேன். இப்போதைக்கு நாலு வரி.

பெரிய மாமா: என்னுடைய விடுகைப் பத்திரம் உதவாது என்றால் திரும்ப மடித்து வைக்கிறேன்.

நான்: மடிக்காதீங்கோ மாமா! மடிப்பில்தான் முத்திரை கிழிகிறது. ஒரு புத்தகத்துக்குள் விரித்து வையுங்கோ, வருகிற மாதம் வந்து வடிவாகப் பிரதி எடுக்கிறேன்.

பெரிய மாமா: பஞ்சாங்கத்துக்குள் வைத்திருக்கிறேன்.