கொந்தராத்துக்காரருக்கும் 3 வீதமா?

உவர்மலை வாணி:
நேற்று இந்த மன்றத்தின் மற்றத் திரியில் 'பழைய கொந்தராத்து' ஐயா எழுதியதைப் படித்ததில் இருந்து மனம் ஆறவில்லை. அவர் சொன்னது இது: "மாற்றுத்திறனாளிகளுக்கு வேலையில் 3 வீதம் என்று 1988 இலேயே சட்டம் இருக்கிறது. அரச வேலையை ஒப்பந்தத்தில் எடுக்கும் கொந்தராத்துக்காரரும் அதற்குள் அடக்கம். பிறகு எதற்குக் கேள்விமனுவில் (டெண்டரில்) சமூகப் பெறுமதிக்குத் தனியாகப் புள்ளி? அது வெள்ளைக்காரன் நாட்டுப் பேச்சு. குறைந்த விலை, மக்கள் காசு மிச்சம்."
சமூகப் பெறுமதி என்றால், விலையை மட்டும் பாராமல், வேலையை எடுப்பவர் உள்ளூர் ஆட்களுக்கும் மாற்றுத்திறனாளிகளுக்கும் கைம்பெண்களுக்கும் நியாயமாக வேலை தருகிறாரா என்றும் பார்ப்பது. ஐயா, நீங்கள் சொல்லும் 3 வீதம் சட்டமே இல்லை. பொது நிருவாகச் சுற்றறிக்கை 27/88. அரச சேவையிலும் கூட்டுத்தாபனங்களிலும் வெற்றிடம் வந்தால் 3 வீதத்தைத் தகுதியுள்ள மாற்றுத்திறனாளிகளுக்குக் கொடு என்கிறது. அவ்வளவுதான். முன்பு கந்தோர் கூட்டுவது, ஆஸ்பத்திரி துடைப்பது, வாசலில் காவல் நிற்பது எல்லாம் அரசாங்க வேலை. இன்று அதில் பெரும்பகுதி கம்பனிகளின் கையில். வேலை வெளியே போய்விட்டது, 3 வீதம் உள்ளேயே நின்றுவிட்டது. கேள்விமனுவில் கேட்காவிட்டால் வேறு எங்கே கேட்பது?

பழைய கொந்தராத்து:
தங்கச்சி, நான் மூதூர் றோட்டில் தார் ஊற்றிய காலத்தில் நீங்கள் பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்திருப்பீர்கள். அரச காசு எங்கே போகிறதோ அங்கே அரச விதியும் போகும். 3 வீதம் இருக்கிறது. இருப்பதைச் செய்விக்கத் துப்பில்லாமல் புதுப் புள்ளி கேட்கிறீர்கள்.

உவர்மலை வாணி:
சுற்றறிக்கையின் எந்தப் பந்தியில் இருக்கிறது ஐயா? பந்தி இலக்கம் மட்டும் சொல்லுங்கள். மாற்றுத்திறனாளிகளின் உரிமைகளுக்கான 1996 ஆம் ஆண்டின் 28 ஆம் இலக்கச் சட்டத்தையும் பார்த்தேன். ஆள் எடுக்கும்போது பாகுபாடு காட்டாதே என்கிறது, ஒதுக்கீடு தரவில்லை. 2016 இல் அவர்களின் உரிமைகளுக்கான ஐ.நா. சமவாயத்தையும் இலங்கை ஏற்றுக்கொண்டது. அதைக் காட்டிக்கூட உங்கள் கம்பனியிடம் 3 வீதம் வாங்க முடியாது.

தம்பலகாமத்தான்:
குறுக்கே வருவதற்கு மன்னிக்கவும். கொந்தராத்துக் கம்பனி 3 வீதம் கட்டுவது உண்மைதான். என் மச்சான் செக்கியூரிட்டியில் நிற்கிறார். அவருடைய கம்பனி கட்டுகிறது.

சீனக்குடா சிவா:
அண்ணை, அது ஊழியர் நம்பிக்கை நிதி. முதலாளி எல்லாத் தொழிலாளருக்கும் சம்பளத்தில் 3 வீதம் கட்டுவது. இங்கே பேசுவது வேலை ஒதுக்கீடு பற்றி.

தம்பலகாமத்தான்:
3 வீதம் 3 வீதம்தானே. கட்டுகிறார்களா இல்லையா?

பழைய கொந்தராத்து:
பாருங்கள், தம்பலகாமத்து ஆளுக்கே தெரிகிறது.

உவர்மலை வாணி:
ஐயோ, இரண்டும் வேறு. ஆனால் அந்தக் கணக்கை எடுத்ததும் நல்லது. 2025 ஏப்ரலில் மாதக் குறைந்தபட்சச் சம்பளம் 27,000 ரூபா ஆனது, 2026 ஜனவரியில் அது இன்னும் கூடியது. 2025 கணக்கையே பார்ப்போம். 27,000க்கு மேல் முதலாளி சேமலாப நிதிக்கு (ஓய்வுக்காலச் சேமிப்பு) 12 வீதமும் நம்பிக்கை நிதிக்கு 3 வீதமும் போட வேண்டும். அது 4,050 ரூபா. ஆக ஒரு ஆளுக்கு 31,050. லீவு, சீருடை, கையுறை, பினாயில் எதுவும் இன்னும் சேரவில்லை. ஒரு கம்பனி ஆளுக்கு 29,000 என்று விலை போட்டால் அந்தக் குறை யாருடைய பையில் இருந்து போகிறது? கூட்டுகிற அக்காமாரின் பையில் இருந்துதான். எனக்குத் தெரிந்த ஒரு அக்கா, கணவர் இல்லை, பிள்ளைகள் படிக்கிறார்கள். கிழிந்த கையுறையைக் கழுவிக் காயப்போட்டு மறுநாளும் போடுகிறார். சேமலாப இலக்கம் கேட்டால் "அடுத்த மாதம்" என்கிறார்கள். இதைத்தான் "குறைந்த விலை, மக்கள் காசு மிச்சம்" என்கிறீர்கள்.

பழைய கொந்தராத்து:
அது திருட்டு. திருடனைப் பிடியுங்கள். ஒன்று கேட்கிறேன், உங்கள் புள்ளியை யார் போடுவது? விலை என்றால் இலக்கம். கேள்விமனுப் பெட்டியைத் திறந்ததும் எல்லார் முன்னாலும் சத்தமாக வாசிப்பார்கள், யாரும் மாற்ற முடியாது. சமூகப் பெறுமதி என்பது அறைக்கதவைச் சாத்திவிட்டுப் போடுகிற புள்ளி. யாருடைய மருமகனுக்கு 10, யாருக்கு 2 என்று எனக்குத் தெரியும். அந்த வாசலைத் திறந்துவிடாதீர்கள். 3 வீதம் போதும்.

உவர்மலை வாணி:
இல்லாத 3 வீதம் எப்படிப் போதும்?
பிரிட்டனில் 2012 இல் சமூகப் பெறுமதிச் சட்டம் வந்தபோது "கவனத்தில் எடு" என்பதோடு நிறுத்தினார்கள். 2021 ஜனவரியில் இருந்துதான் மத்திய அரசின் பெரிய ஒப்பந்தங்களில் சமூகப் பெறுமதிக்கு 100க்குக் குறைந்தது 10 புள்ளி. மீதி விலைக்கும் தரத்துக்கும். ஐரோப்பிய ஒன்றியத்தின் 2014 விதிப்படி, தொழிலாளரில் குறைந்தது 30 வீதம் மாற்றுத்திறனாளிகளோ பின்தங்கிய நிலையில் உள்ளவர்களோ என்றால் சில ஒப்பந்தங்களை அவர்களுக்கு மட்டுமே ஒதுக்கி வைக்கலாம். எல்லாம் வெள்ளைக்காரன் என்று தள்ளாதீர்கள். இந்தியாவில் மத்திய அரசின் கொள்வனவில் 25 வீதம் சிறு தொழில்களிடம் வாங்க வேண்டும். அதற்குள் பெண்களின் தொழில்களுக்கு 3.

தம்பலகாமத்தான்:
அங்கேயும் 3 வீதம்!

கிண்ணியா றைஸ்:
வாணி அக்கா சொல்வது சரி. ஆனால் உள்ளூர் ஆள் என்றால் எந்த ஊர்? திருகோணமலை டவுனில் வேலை என்றால் பக்கத்து உப்புவெளி ஆளை எடுத்துவிட்டு உள்ளூர் என்று எழுதுவார்கள். எங்கள் பக்கத்துக் கைம்பெண்கள் கணக்கில் வரமாட்டார்கள்.

பழைய கொந்தராத்து:
கிண்ணியாவில் இருந்து காலை ஆறு மணிக்கு யார் வேலைக்கு வந்து சேர்வது? அதையும் கேள்விமனுவில் எழுதுவோமா?

கிண்ணியா றைஸ்:
பாலம் 2009 இல் திறந்தாயிற்று, ஐயா. நீங்கள் இன்னும் பாதைப் படகுக்குக் காத்துக்கொண்டு நிற்கிறீர்கள் போல. வெங்காயக் கடைத் திரியிலும் எங்களைப் பற்றி இப்படித்தான் எழுதினீர்கள், மறக்கவில்லை.

சீனக்குடா சிவா:
ஊர்ச் சண்டையை விடுங்கள். கிராம அபிவிருத்திச் சங்கங்களுக்கும் மாதர் சங்கங்களுக்கும் சின்ன வீதி, வடிகான் வேலைகளை நேரடியாகக் கொடுக்கிறார்களே, அது சமூகப் பெறுமதி இல்லையா?

உவர்மலை வாணி:
சங்கமே ஆள் போட்டுச் செய்தால் நல்லதுதான். சங்கத்தின் பெயரில் எடுத்து, பின்னால் ஒரு கொந்தராத்துக்காரரின் பெக்கோ (மண் தோண்டும் இயந்திரம்) வந்து நின்றால் அது என்ன? தலைவிக்கு ஒரு கையெழுத்து, ஊர்ப் பெண்களுக்கு ஒரு நாள் கூலிகூட இல்லை. யாரைச் சொல்கிறேன் என்று சிலருக்குத் தெரியும்.

பழைய கொந்தராத்து:
பெயரைச் சொல்லுங்கள். என்னைச் சொல்கிறீர்களா?

உவர்மலை வாணி:
பெயர் சொல்ல வரவில்லை, பந்தி கேட்க வந்தேன்.
கதவைச் சாத்திப் போடும் புள்ளி என்றீர்களே, சரி, புள்ளி வேண்டாம். நிபந்தனையாகவே வையுங்கள். இத்தனை பேர், இன்ன சம்பளம், சேமலாப இலக்கம் என்று எழுதிக் கையெழுத்து வாங்குங்கள். மாத பில்லோடு சம்பளப் பட்டியலும் வரட்டும். வராவிட்டால் பில் பாஸ் ஆகாது. இதில் எந்த மருமகனுக்கு என்ன புள்ளி போட முடியும்?
பெட்டியை எல்லார் முன்னாலும் திறப்பார்கள் என்கிறீர்கள். நகரில் ஒரு கந்தோரில் பெட்டி மாடியில் இருந்தது. சீருடை தைக்கும் ஒருவர் சக்கர நாற்காலியில் வந்தார். மாடிக்குப் போக வழி இல்லை. உறையைப் பியோனிடம் கொடுத்துவிட்டுக் கீழே வேப்பமரத்தடியில் காத்திருந்தார். மேலே விலைகளை வாசித்தார்கள். அவருக்கு ஒன்றும் கேட்கவில்லை. பொதுக் கட்டடங்களுக்கு அணுகுவசதி வேண்டும் என்று 2006 இல் ஒழுங்குவிதி வந்தது, 2011 இல் உயர் நீதிமன்றமும் உத்தரவிட்டது. பெட்டியைக் கீழே இறக்கி வைக்க ஒரு மேசை போதும்.

சீனக்குடா சிவா:
அந்தக் கந்தோர் எது என்று எங்களுக்கும் தெரியும்.

பழைய கொந்தராத்து:
மேசை, நாற்காலி என்று பேச்சை மாற்றுகிறார். சுற்றறிக்கையின் பிரதி என் கோப்பில் இருக்கிறது. தேடி எடுத்துப் போடுகிறேன். 3 வீதம் அதில் இருக்கிறது.

உவர்மலை வாணி:
3 வீதம் இருக்கிறது என்று முதல் பதிவிலேயே நானே எழுதினேன். யாருக்கு என்பதுதான் கேள்வி. கொந்தராத்துக்காரருக்கு என்று ஒரு வரி காட்டுங்கள்.

தம்பலகாமத்தான்:
மச்சானிடம் கேட்டேன். கட்டுகிறார்களாம். இரண்டு மாதம் பிந்தித்தான்.

கிண்ணியா றைஸ்:
கோப்பைப் போடுவதென்றால் போடுங்கள், ஐயா. மீன் சந்தைத் திரியிலும் ஒரு கோப்பு போடுவதாகச் சொன்னீர்கள். இன்னும் வரவில்லை.

பழைய கொந்தராத்து:
அந்தத் திரியைப் பூட்டியது நானா? நிர்வாகியைக் கேளுங்கள்.