அட்டை இல்லாமல் அரிசியா?

கணக்கன்: 2020 ஊரடங்கில் பாலியல் தொழிலாளிகளுக்கு அடையாள அட்டை கேட்காமல் ரேஷன் பொருள் கொடுக்கச் சொன்னது உச்ச நீதிமன்றம். எங்கப்பா ஒரு பெயர் திருத்தத்துக்கு தாலுகா ஆபீஸுக்கு ஆறு தடவை நடந்தார். இவங்களுக்கு மட்டும் அட்டையே வேண்டாமா? யார் வேணாலும் வாங்கிட்டுப் போகலாமே!

தென்றல்: "யார் வேணாலும்"னு எங்கே இருக்கு? செப்டம்பர் 29 உத்தரவைப் படிங்க. நாக்கோ, அதாவது தேசிய எய்ட்ஸ் கட்டுப்பாட்டு அமைப்பு, அடையாளம் கண்டவங்களுக்குத்தான். ஊரடங்கில் பெண்கள் பட்டினி கிடக்கிறாங்கன்னு கொல்கத்தாவின் துர்பார்ங்கிற பாலியல் தொழிலாளிகள் அமைப்பு கேட்டு வாங்கின உத்தரவு அது.

கணக்கன்: அட்டை கேட்கக் கூடாதுன்னு இருக்கா, இல்லையா?

தென்றல்: இருக்கு. வீட்டை விட்டு வந்தவளுக்கு ஏது குடும்ப அட்டை? வாடகை ரசீது யார் தருவா? எய்ட்ஸ் திட்டத்தில் களப்பணி பார்த்தவள் நான். நம்ம ஊரில் பல பேர் புருஷனுக்கே தெரியாமல் இந்தத் தொழிலில் இருக்காங்க. கடை வாசலில் "என்ன வேலை பார்க்கிறே"ன்னு கேட்டால் அரிசியை விட்டுட்டு ஓடிருவாங்க. பஸ் நின்ன நாளில் எச்.ஐ.வி.க்கான ஏஆர்டி மாத்திரையை வீட்டுக்கு வீடு கொண்டு போனோம். மாத்திரை இருந்தது, அடுப்பு எரியலை.

மேலூரான்: அதென்ன 'தொழிலாளி'? வயலில் வேர்வை சிந்துறவனும் இவங்களும் ஒண்ணா? மனித உரிமை ஆணையமே அமைப்புசாரா தொழிலாளர்னு சொல்லிட்டு, எதிர்ப்பு வந்ததும் மாத்திக்கிச்சு.

தென்றல்: மனிதாபிமான அடிப்படையில் உதவணும்னுதானே மாத்தினாங்க? உதவாதேன்னு சொல்லலையே. மகாராஷ்டிரா மூணு மாசத்துக்கு ஆளுக்கு மாசாமாசம் 5,000 ரூபாய் அறிவிச்சது, பள்ளிக்கூடம் போற பிள்ளை இருந்தால் கூடுதலா 2,500. தமிழ்நாட்டைக் கேளுங்கன்னா உங்களுக்கு வாய் வராது.

மேலூரான்: போன தடவை அம்மா உணவகப் பேச்சிலும் இதே திமிர்தான் உங்களுக்கு.

தென்றல்: அன்னைக்கும் சோத்துக்குத்தான் பேசினேன். இன்னைக்கும் அதுக்குத்தான்.

கணக்கன்: அக்கா, எல்லாம் சரி. நாக்கோ பட்டியலில் இருக்கிறவங்க நிஜமா இவங்கதான்னு அட்டை இல்லாமல் எப்படித் தெரியும்?

தென்றல்: வாரா வாரம் போய் முகம் பார்த்த எங்களுக்குத் தெரியும் தம்பி. அந்தப் பட்டியல் கசிஞ்சா ஒருத்தியோட குடும்பமே போயிரும். அதனாலதான் பெயரை வெளியே விடக் கூடாதுன்னு கத்துறோம்.

கணக்கன்: அப்போ உங்க வாய்ச்சொல்தான் அட்டை. எங்கப்பாவுக்கும் யாராவது அப்படிச் சொல்லியிருக்கலாம்.

தென்றல்: உங்கப்பாவை அலைய விட்டது தாலுகா ஆபீஸ். அந்தக் கோபத்தை அங்கே காட்டுங்க, பசிச்சவள்கிட்ட காட்டாதீங்க.

கணக்கன்: அட்டை கேட்கிறது தப்பில்லை. இன்னும் அதைத்தான் சொல்றேன்.