ரம்பைச் செடியும் மாசிக் கருவாடும் எங்கே கிடைக்கும்?

எல்லோருக்கும் வணக்கம். கோத்தகிரி, குன்னூர், கூடலூர் பக்கம் யார் வீட்டிலாவது ரம்பைச் செடி (சமையலில் வாசத்துக்குப் போடும் நீள இலைச் செடி) இருக்கிறதா? ஒரு பக்கக்கன்று போதும், நானே வந்து எடுத்துக்கொள்கிறேன்.

அம்மாவுக்காகத்தான் கேட்கிறேன். 1964 சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தப்படி இலங்கையில் அட்டன் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்திலிருந்து வந்து, இங்கே டான்டீயில் (தமிழ்நாடு அரசின் தேயிலைத் தோட்டம்) கொழுந்து பறித்தவர். இப்போது வயதாகிவிட்டது, பேச்செல்லாம் அந்தப் பக்கம்தான். லயத்து (தோட்டத் தொழிலாளர் வரிசை வீடு) அடுப்பில் சுட்ட தடித்த ரொட்டி, இலங்கை வானொலி, விடியற்காலையில் பெரட்டுக்கு (வேலைக்கு ஆள் கணக்கெடுப்பு) கூப்பிடும் தப்புச் சத்தம். அதையெல்லாம் என்னால் கொண்டுவர முடியாது. பருப்பும் சம்பலும் முடியுமே!

தேங்காய்ப்பால் ஊற்றிய பருப்பில் கறிவேப்பிலையோடு ஒரு துண்டு ரம்பை சேர்த்தால்தான் அவருக்கு அது பருப்பு. போன வாரம் ஒரு வாய் சாப்பிட்டுவிட்டு, "எல்லாம் சரி, வாசம்தான் இல்ல" என்றார்.

ரம்பை சூட்டு நிலத்துச் செடி. கோத்தகிரிக் குளிரில், உறைபனி நாட்களில் தாங்குமா? தொட்டியில் வைத்துச் சமையலறைக்குள்ளேயே வளர்த்தவர்கள் இருந்தால் சொல்லுங்கள். கூடலூர்க்காரர்களிடம் கட்டாயம் இருக்கும் என்று நம்புகிறேன்.

அப்புறம் மாசி. சூரை மீனை அவித்து, புகையூட்டி, கட்டைபோல் காயவைப்பார்களே, அதுதான். காய்ந்த மிளகாயோடு இடித்துச் சம்பலில் போட வேண்டும். நான் கேட்ட கடைகளில் நெத்திலியைத்தான் நீட்டுகிறார்கள். லட்சத்தீவிலும் மாசி செய்கிறார்கள், அங்கிருந்தோ தூத்துக்குடியிலிருந்தோ வரவழைப்பவர்கள் யாராவது இருக்கிறீர்களா? கூரியரில் அனுப்பினாலும் சரி, பணத்தை முன்கூட்டியே அனுப்பிவிடுகிறேன்.

பதிலை இங்கேயே போடுங்கள், தாயகம் திரும்பிய மற்ற வீட்டுக்காரர்களுக்கும் உதவும்.