மஞ்சள் எண்ணெய் ஆன்டிபயாட்டிக்குக்குச் சமமா?

குறுமுனி:
வாட்ஸ்அப்பில் ஒரு படம் சுற்றுது. கிருமி வளர்க்கிற பெட்ரி தட்டில், ஜென்டாமைசின்ங்கிற ஆன்டிபயாட்டிக் ஏத்தின சின்ன வில்லையைச் சுற்றிக் கிருமி வளராத ஒரு வளையம். பக்கத்தில் மஞ்சள் கிழங்கில் வடிச்ச எண்ணெய் விட்ட வில்லைக்கும் அதே அகலத்தில் வளையம். இஞ்சி, ஏலம், அரத்தை எல்லாம் இதே குடும்பம்தான். இனியும் மாத்திரை எதுக்கு?

அகார்த்தட்டு:
வளையத்தை அளந்தவர்கள் வில்லையில் எவ்வளவு விட்டார்கள் என்று சொன்னார்களா? ஜென்டாமைசின் வில்லையில் வழக்கமாக இருப்பது 10 மைக்ரோகிராம். இந்த மாதிரிச் சோதனைகளில் எண்ணெயை 10 மைக்ரோலிட்டர் விடுவது சகஜம். அதன் எடை சுமார் 9 மில்லிகிராம், அதாவது 900 மடங்கு. இதில் சமம் எங்கே வந்தது?

குறுமுனி:
சார், எண்ணெய் தண்ணியில கரையாது. தட்டுல கிருமி வளர்ற ஈரமான அகார் கூழில் சரியாப் பரவாது. பாதி ஆவியாவும் போயிடும். அப்படியும் வளையம் விழுதுன்னா, வீரியத்தை அந்தத் தட்டு குறைச்சுத்தானே காட்டுது?

அகார்த்தட்டு:
நல்ல கேள்வி. அதனால்தான் வளையத்தை விட்டுவிட்டு, எண்ணெயை நீரோடு கலக்கவைக்கும் ட்வீன் 80 போன்ற ஒன்றைச் சேர்த்து எண்ணெயைத் திரவ ஊடகத்தில் கலக்கி, எந்த அளவில் வளர்ச்சி நிற்கிறது என்று பார்ப்பார்கள். அங்கேயும் இந்த எண்ணெய்களுக்குப் பெரும்பாலும் ஒரு மில்லிலிட்டருக்கு நூற்றுக்கணக்கான மைக்ரோகிராம், பல நேரம் மில்லிகிராம் தேவைப்படுகிறது. ஜென்டாமைசினுக்கு, எதிர்ப்பில்லாத கிருமி என்றால், ஓரிரு மைக்ரோகிராம் போதும். ரத்தத்தில் அவ்வளவு எண்ணெயை ஏற்றினால் கிருமிக்கு முன் ஆள் போய்விடுவார்.

ஈரோட்டான்:
ஒண்ணு சொல்லிக்கறனுங்க. மஞ்சளை ஆவியில வடிச்சா வர்றது டர்மரோன் வாசனை எண்ணெய். நிறம் குடுக்கற குர்குமின் ஆவியோட ஏறாது, கிழங்குச் சக்கையிலயே நின்னுடும். இஞ்சியில காரமான ஜிஞ்சராலும் அப்படித்தான். குர்குமின் ஆராய்ச்சியக் காட்டி எண்ணெய் சீசா விக்கறாங்க பாருங்க, அதுதான் கடுப்பாகுது.

குறுமுனி:
1995-ல மஞ்சள் புண்ணாற்றும்னு மிசிசிப்பி பல்கலைக்கழக மருத்துவ மையத்துக்கு அமெரிக்கா காப்புரிமை கொடுத்ததே. நம்ம அரசு ஆராய்ச்சி அமைப்பு சி.எஸ்.ஐ.ஆர். சண்டை போட்டு 1997-ல ரத்து பண்ண வச்சது. ஒண்ணுமில்லாததுக்கா அவ்வளவு அடிதடி?

அகார்த்தட்டு:
‘இது புதுசு இல்லை, இந்தியாவில் காலங்காலமாகத் தெரிந்தது’ என்பதால்தான் ரத்தானது. குணமாக்குகிறதா என்பது அந்த வழக்கே இல்லை. தவிர அது மஞ்சள் தூள் சமாச்சாரம்.

சித்தரத்தை:
அகார்த்தட்டு அண்ணா, ரத்தத்தையே பிடிச்சுக்கிட்டு நிக்கிறீங்க. தோலுக்கு வாங்க. பேரரத்தை எண்ணெயில இருக்கிற டெர்பினென்-4-ஆல்ங்கிற சரக்கு படர்தாமரைப் பூஞ்சையை அடக்குதுன்னு 1985-லயே ஆய்வு வந்தாச்சு. டீ ட்ரீ எண்ணெயில முக்கியமான சரக்கும் அதே டெர்பினென்-4-ஆல்தான். அதை மட்டும் காசு கொடுத்து வாங்குறோம்.

அகார்த்தட்டு:
தோல், உணவுப் பொட்டலம், தானியக் கிடங்கு என்றால் நானும் உங்கள் பக்கம். ஆனால் நீர்க்காமல் பூசாதீர்கள், எரிந்து தோல் சிவந்துவிடும். உணவிலும் கொழுப்பு இருந்தால் எண்ணெய் அதில் போய் ஒதுங்கிக்கொள்ளும், கிருமிக்கு மிச்சம் கொஞ்சம்தான்.

குறுமுனி:
அப்போ வேலை செய்யுதுன்னு ஒத்துக்கிட்டீங்க!

அகார்த்தட்டு:
எந்தக் கிருமிமேல்? ஸ்டாஃபைலோகாக்கஸ் மாதிரி வெளிச்சவ்வு இல்லாத கிராம் பாசிட்டிவ் வகைக் கிருமி என்றால், எண்ணெயில் உள்ள டெர்பீன் என்ற வாசனைப் பொருட்கள் அதன் சவ்வுக்குள் புகுந்து ஓட்டை போடும், பொட்டாசியம் கசியும், ஆச்சரியமில்லை. சூடோமோனாஸ் மாதிரி கிராம் நெகட்டிவ் கிருமிக்கு வெளியே இன்னொரு சவ்வு காவல் இருக்கிறது. உங்கள் படத்தில் கிருமியின் பெயர் வெட்டப்பட்டிருக்கிறது. வெட்டாத படம் கிடைத்தால் போடுங்கள், பேசலாம்.