ரெண்டு டயர் மட்டும் மாத்தினா முன்னாடியா, பின்னாடியா?

அலைன்மென்ட்_மேடை:
அலைன்மென்ட் (சக்கரங்களோட கோணத்தைச் சரிபண்றது) பண்ணியும் வண்டி ஒரு பக்கமா இழுக்குதுன்னு வர்ற கார்கள்ல, கம்ப்யூட்டர் அளவு சரியா இருந்தா அடுத்து முன் டயர் ரெண்டும் ஜோடிதானான்னு பாருங்க. ஒண்ணு வெடிச்சிருக்கும், அந்த இடத்துல கையில கிடைச்ச கம்பெனி டயர் ஏறியிருக்கும். சோதனை சுலபம். முன் சக்கரங்களை இடம் வலமா மாத்திப் போட்டு, காத்தை ஒரே அளவுல வச்சு, அதே ரோட்டுல ஓட்டுங்க. இழுப்பு பக்கம் மாறினா குத்தம் டயர்ல. மாறலைன்னா பிரேக் காலிப்பர் (பிரேக் கட்டையை அழுத்துற பிடி) ஒட்டுதா, லோயர் ஆர்ம் புஷ் (சக்கரத்தைத் தாங்குற கீழ்க் கையோட ரப்பர்) போயிருக்கான்னு தேடணும். நம்ம ரோடு இடது ஓரமாத்தான் சரிஞ்சிருக்கும். லேசா இடது பக்கம் போறதை எல்லாம் நோய்னு நினைக்க வேண்டாம்.

மில்லிமீட்டர்:
கம்பெனி வேறங்கிறதை விட விட்டம் வேறங்கிறதுதான் ஆபத்து. 165/80 ஆர்14 (அகலம் 165 மி.மீ., பக்கச்சுவர் உயரம் அதுல 80 சதவீதம், ரிம் 14 அங்குலம்) டயரோட மொத்த விட்டம் சுமார் 620 மி.மீ. 175/65 ஆர்14 வெறும் 583. ரெண்டும் ஒரே ரிம்முல உக்காரும், வினையே அதுதான். ஒரே ஆக்சில்ல (முன் ஜோடி இல்ல பின் ஜோடியோட அச்சு) இப்படி மாட்டினா சின்ன டயர் ஒரு கிலோமீட்டருக்கு சுமார் 32 சுத்து அதிகமா சுத்தும். இஞ்சின் இழுக்கிற ஆக்சில்னா நேர் ரோட்டுலயும் டிஃபரன்ஷியல் (ரெண்டு சக்கரமும் வேற வேற வேகத்துல சுத்த விடுற அமைப்பு) பல்லுக்கு ஓய்வே கிடையாது. சக்கர வேகம் ஒத்துப்போகாததால ஏபிஎஸ் (பிரேக் போடும்போது சக்கரம் பூட்டிக்காம காக்கிற அமைப்பு) விளக்கும் எரியலாம். ஆனா 185/65 ஆர்15 சுமார் 621 மி.மீ. ரிம் பெரிசு, உயரம் கிட்டத்தட்ட அதேதான். அதனால ரிம் அளவை மட்டும் பார்த்து முடிவு பண்ணாதீங்க.

மழைக்கால_ஓட்டி:
தலைப்புக்கு வர்றேன். புது ஜோடியை எங்க மாட்டணும்? பின்னாடிதான். முன் சக்கரம் இழுக்கிற காரா இருந்தாலும் பின்னாடிதான். நிறைய கடையில பழக்கதோஷத்துல முன்னாடி மாட்டிடுவாங்க.

முன்னாடி 8 மி.மீ. பட்டன் (டயர் மேல இருக்கிற பள்ளத்தோட ஆழம்), பின்னாடி 3 மி.மீ.ன்னு வச்சுக்குங்க. காய்ஞ்ச ரோட்டுல வித்தியாசமே தெரியாது. மழையில தேங்கின தண்ணியை முன் டயர் வெட்டிட்டுப் போயிடும், ஸ்டீரிங்கும் உறுதியா இருக்கும், உங்களுக்கு தைரியம் வந்துடும். அதே தண்ணியில பின் டயர் மிதக்கும். வளைவுல ஆக்சிலேட்டரை டக்குனு விட்டா எடை முன்னாடி சாயும், வால் வீசிடும். திருப்பிப் பிடிக்க நேரம் இருக்காது. இதுவே முன்பக்கம் மிதந்தா ஸ்டீரிங் லேசாகும், வண்டி வெளிப்பக்கமா ஒதுங்கும்; காலை மெதுவா எடுத்தாலே பெரும்பாலும் பிடி திரும்பிடும்.

பழைய ஜோடியில பட்டன் நடுவுல இருக்கிற 1.6 மி.மீ. மேடு வரைக்கும் தேய்ஞ்சிருந்தா இந்தப் பேச்சே வேண்டாம், நாலையும் மாத்துங்க.

அலைன்மென்ட்_மேடை:
சரியாச் சொன்னீங்க சார். புதுசுன்னு தர்றதையும் நம்பிடாதீங்க. பக்கவாட்டுல 2319ன்னு இருந்தா 2019, 23வது வாரம் செஞ்சது. ஒரு ஜோடிக்கு ஒரே மாடல், கிட்டத்தட்ட ஒரே தேதி கேளுங்க. அளவுக்குப் பக்கத்துல 82ன்னு இருந்தா ஒரு டயர் 475 கிலோ தாங்கும், 84ன்னா 500. கார் கம்பெனி கொடுத்த எண்ணுக்குக் கீழே போகக் கூடாது.

ஸ்டெப்னி:
டிக்கியில இருக்கிற சின்ன ஸ்டெப்னியும் ஜோடி தப்பின டயர்தான். முன் சக்கரம் இழுக்கிற வண்டியில முன்னாடி பஞ்சரானா, முதல்ல ஸ்டெப்னியைப் பின்னாடி மாட்டி, அங்கிருந்து கழட்டின நல்ல சக்கரத்தை முன்னாடி போடுங்க. ஜாக்கியை ரெண்டு தடவை ஏத்தணும், அவ்வளவுதான். 80க்கு மேல போகாதீங்க, நேரா பஞ்சர் கடைக்கு விடுங்க.