காபன் மடுவா, காபன் உறிஞ்சியா?

நிலாவெளி ஆசிரியை எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம். பத்தாம், பதினோராம் தரப் பிள்ளைகளுக்காகக் காலநிலை பற்றிய ஒரு கைநூலைத் தமிழாக்கிக்கொண்டிருக்கிறேன். வெள்ளிக்கிழமை அச்சகத்துக்குப் போக வேண்டும். 2030க்குள் மின்சாரத்தில் 70 சதவீதத்தை மீள்புதுப்பிக்கத்தக்க சக்தியிலிருந்து பெறுவோம், காட்டுப் பரப்பை 32 சதவீதமாக்குவோம் என்று இலங்கை கொடுத்த வாக்குறுதிகளைத் தமிழில் கொண்டுவருவதில் சிக்கல் இல்லை. சம்பூர்ச் சூரிய மின்நிலையப் பக்கமும் முடிந்துவிட்டது.

கடலோர உவர்ச்சேற்றில் வளரும் கண்டல் காட்டில்தான் மாட்டிக்கொண்டேன். காற்றிலுள்ள காபனீரொட்சைட்டை எடுத்துக்கொள்ளும் காட்டை ஆங்கிலத்தில் 'காபன் சிங்க்' என்கிறார்கள். அப்படியே எழுதினால் பிள்ளைகள் குசினியில் கோப்பை கழுவும் இடத்தைத்தான் நினைப்பார்கள். ஒரு நல்ல சொல் தாருங்கள்.

மூதூரான்:

டீச்சர், இதில் யோசிக்க என்ன இருக்கிறது? காபன் உறிஞ்சி. பாடநூலில் அகத்துறிஞ்சல், புறத்துறிஞ்சல் எல்லாம் ஏற்கெனவே இருக்கின்றன. பூச்சிகொல்லி போல இகர விகுதி. முடிந்தது.

தம்பலகாமத்தார்:

தம்பி மூதூரான், முடியவில்லை. உறிஞ்சி என்றால் இளநீர் குடிக்கும் குழாய். காட்டுக்கு அந்தப் பெயரா? இகர விகுதி வேண்டுமென்றால் காபனுண்ணி என்றும் சொல்லலாமே, காடு மாட்டின் காதில் தொங்கும் உண்ணியாகிவிடும்.

என் பரிந்துரை காபன் மடு. மடு என்றால் ஆழமான நீர்நிலை என்று எல்லோருக்கும் தெரியும். ஆனால் மடுத்தல் என்ற வினையைக் கவனியுங்கள். செவிமடுத்தல், வாய்மடுத்தல். உள்வாங்குவது என்ற பொருள். உள்வாங்கும் தொழிலும் உள்வாங்கும் இடமும் ஒரே சொல்லில் இப்படி அமைவது அபூர்வம். மடை, மடி எல்லாம் இதே வேரில் பிறந்தவை என்பது என் துணிபு. பசுவின் மடி பாலைத் தன்னுள் வாங்கி வைக்கிறது அல்லவா? மடமும் அப்படித்தான், வழிப்போக்கரை உள்வாங்கும் இடம்.

மூதூரான்:

ஐயா, மடம் வரைக்கும் போய்விட்டீர்கள், இனி மடையனுக்கும் வருவீர்களோ என்று பயமாக இருக்கிறது. எங்கள் ஊரில் மடு வெட்டுவது என்றால் கிடங்கு தோண்டுவது. கரியை மடு வெட்டிப் புதைக்கும் திட்டம் என்றுதான் பிள்ளைகள் எழுதி வைப்பார்கள். மற்றவர்களுக்கு மடு என்றால் மடு மாதா கோயில்.

சீனக்குடாப் பொறியியலாளர்:

சொல்லுக்கு முன் பொருளைத் தீர்ப்போம். 1992ஆம் ஆண்டின் ஐ.நா. காலநிலை உடன்படிக்கை முதலாம் உறுப்புரையிலேயே இரண்டையும் பிரித்து வைத்திருக்கிறது. பச்சைவீட்டு வாயுவை வளிமண்டலத்திலிருந்து அகற்றும் செயல் அல்லது பொறிமுறை ஒன்று. அந்த வாயு தங்கியிருக்கும் இடம் இன்னொன்று. டீச்சர் கேட்பது முதலாவது. ஐயாவின் மடுவில் இரண்டும் கலக்கின்றன. அவர் அதை அழகு என்கிறார், எனக்கு அதுதான் கோளாறு.

கந்தளாய்க் குளத்தை எடுத்துக்கொள்ளுங்கள். வாய்க்கால் வழியே வந்து சேர்வது வேறு, குளத்தில் நிற்பது வேறு. 1986 ஏப்ரலில் கட்டு உடைந்தபோது ஊரை அடித்துக்கொண்டு போனது நின்ற தண்ணீர். காட்டிலும் அதே கணக்குத்தான். வளரும் காடு காபனை அகற்றுகிறது, முதிர்ந்த காடு நிறையச் சேர்த்து வைத்திருக்கிறது. அந்தக் காட்டை எரித்தால் சேர்த்ததெல்லாம் வெளியே. வெட்டிய தேக்கு கதவாகி வீட்டில் நின்றால் காபனும் கதவில் நிற்கும், விறகானால் அன்றைக்கே போய்விடும். காடு அழியாதபடி பயன்படுத்துவதை நிலைபேறான வனமுகாமைத்துவம் என்று கைநூலில் எழுதினால் இந்த வித்தியாசம் பிள்ளைகளுக்கு விளங்க வேண்டும். ஆகவே அகற்றுவதற்கு ஒரு சொல், இருப்புக்கு ஒரு சொல். இருப்புக்குத் தேக்கம் என்று வைக்கலாம்.

இன்னொன்று. சம்பூரில் 500 மெகாவாட் நிலக்கரி நிலையம் 2016இல் கைவிடப்பட்டு, 2025 ஏப்ரலில் 120 மெகாவாட் சூரிய மின்நிலைய வேலை தொடங்கியது. அது காபனை அகற்றாது. வெளிவராமல் தவிர்க்கும். காட்டையும் சோலரையும் ஒரே தலைப்பின் கீழ் போட்டுக் குழப்பாதீர்கள்.

சென்னை அன்பர்:

நண்பர்களே, குறுக்கிடுவதற்கு மன்னிக்கவும். 'காபன்' என்பதே எங்களுக்கு அச்சுப்பிழை போலத் தெரிகிறது. நடுவில் இருந்த 'ர்' எங்கே? கரிமம் என்ற நல்ல தமிழ் இருக்கிறதே. இலத்தீனின் கார்போ என்பதே நம் கரிதான் என்று சொல்பவர்களும் உண்டு. கரிம ஈர்ப்பகம் என்று வைத்தால் இரு நாட்டுக்கும் பொது.

நிலாவெளி ஆசிரியை:

ஐயா, ஆங்கிலேயர் சொல்லும்போது அந்த 'ர்' காதில் விழுவதில்லை, எங்கள் ஆட்கள் கேட்டபடி எழுதினார்கள். கரிமம் அழகுதான். ஆனால் எங்கள் பிள்ளைகள் ஆறாம் தரத்திலிருந்து காபன், ஒட்சிசன், நைதரசன் என்று படித்து அதே சொல்லில் பரீட்சை எழுதுகிறவர்கள். கைநூலில் கரிமம் என்று வாசித்துவிட்டு விடைத்தாளில் என்ன எழுதுவது என்று என்னைத்தான் கேட்பார்கள். வெளிவிடுவதும் அகற்றுவதும் சரிக்குச் சரியாவதை நீங்கள் நிகர சுழியம் என்பீர்கள், இங்கே அது தேறிய பூச்சியம். வணிகக் கல்வியில் தேறிய இலாபம் படித்த பிள்ளைக்கு அது உடனே விளங்கும்.

தம்பலகாமத்தார்:

பொதுச்சொல் வேண்டும் என்ற ஆசையைக் குறை சொல்ல மாட்டேன். எங்கள் திருகோணமலை இந்துக் கல்லூரியில் அதிபராக இருந்த விபுலாநந்த அடிகள்தான் 1936இல் சென்னையில் கலைச்சொல் மாநாட்டுக்குத் தலைமை தாங்கினார். அப்போதே ஒன்றாகப் போயிருந்தால் இன்றைக்கு இந்தச் சண்டை இல்லை. ஆனால் கார்போ, கரி என்ற உறவுமுறைக்கு நான் சாட்சி சொல்ல முடியாது.

மூதூரான்:

மடத்தைச் சொன்னவர் கரிக்குச் சாட்சி சொல்ல மாட்டாராம்!

சென்னை அன்பர்:

சரி, விடுங்கள். கண்டல் என்கிறீர்களே, அலையாத்தி என்று எழுதலாமே? அலையை ஆற்றுவதால் அலையாற்றி, அதுவே மருவி அலையாத்தி.

தம்பலகாமத்தார்:

ஆத்தி என்று ஒரு மரமே இருக்க, ஆற்றுவதை ஏன் தேடுகிறீர்கள்? கண்டல் வேலி என்று நற்றிணையிலேயே வருகிறது. அதைவிட வேறென்ன வேண்டும்.

மூதூரான்:

நாங்கள் கண்ணா என்போம். நற்றிணையைக் கேட்டுவிட்டுச் சொல்வதில்லை.

சீனக்குடாப் பொறியியலாளர்:

எந்தப் பெயரானாலும் காபனில் பெரும்பங்கு மரத்தில் இல்லை, வேருக்குக் கீழே சேற்றில். ஒட்சிசன் புகாத உவர்ச்சேறு, அதனால் உக்கல் மெதுவாகவே நடக்கும். டீச்சர், அதைக் கட்டாயம் சேருங்கள். இப்படிக் கடலோரத்தில் சேரும் காபனைக் குறிக்கும் 'நீலக் காபன்' என்ற சொல்லை மட்டும் அடிக்குறிப்பு இல்லாமல் விடாதீர்கள், காபன் எப்போது நீலமானது என்று கேட்பார்கள்.

அகற்றுவதற்கு என் தெரிவு காபன் பதிப்பி. காற்றிலுள்ள நைதரசனைச் சேர்வையாக்குவதைப் பாடத்தில் நைதரசன் பதித்தல் என்றுதானே சொல்கிறோம்.

மூதூரான்:

புத்தகம் போடுகிற இடம் போல இருக்கிறது அண்ணை.

நிலாவெளி ஆசிரியை:

அச்சகத்திலிருந்து இரண்டாவது தடவையும் அழைப்பு வந்துவிட்டது. உறிஞ்சிக்கு நான்கு பேர், மடுவுக்கு ஐயாவும் இன்னொருவரும், ஈர்ப்பகத்துக்கு ஒருவர். பொறியியலாளர் அண்ணை பதிப்பியைக் கைவிட்டு உறிஞ்சிக்கு வந்ததை நன்றியோடு குறித்துக்கொள்கிறேன். காபன் உறிஞ்சி, காபன் தேக்கம் என்று இரண்டு சொல்லாகவே போடுகிறேன். கண்டலுக்குப் பக்கத்தில் அடைப்புக்குறிக்குள் கண்ணா.

தம்பலகாமத்தார்:

பெரும்பான்மைக்குத் தலை வணங்குகிறேன், சொல்லுக்கு அல்ல. இரண்டாம் பதிப்பில் மடு வரும் என்று எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

அப்புறம், அந்த 'நிலைபேறான' என்ற சொல். நிலை, பேறு என்று பிரித்தால் நிலையைப் பெறுதல் என்று வரும். காடு எந்த நிலையைப் பெறுகிறது? பேண்தகு என்பதே பொருத்தம் என்று எனக்குத் தோன்றுகிறது. மற்றவர்கள் என்ன நினைக்கிறீர்கள்?