1080பி-யில் மட்டும் ஏன் இவ்வளவு குறைந்த வித்தியாசம்?

வணக்கம் நண்பர்களே. ஏழு வருடம் உழைத்த 6 ஜிபி கிராபிக்ஸ் கார்டைக் கழற்றிவிட்டு, புதிதாக ஒரு 8 ஜிபி கார்டு போட்டிருக்கிறேன். இரண்டையும் ஒப்பிட்டு ஒரு அட்டவணை தயாரிக்கிறேன். ஓரிடத்தில் சிக்கிக்கொண்டேன், உதவுங்கள்.

1440பி ரெசல்யூஷனில் (திரையில் எத்தனை புள்ளிகள் என்ற அளவு; 1080பி அதைவிடக் குறைவு) வித்தியாசம் கண்ணுக்கே தெரிகிறது. 1080பி-யில் அதே கேம், அதே செட்டிங். பழையது நொடிக்கு 92 பிரேம், புதியது 104. இவ்வளவுதானா? திரை ஓரத்தில் ஓடும் எண்களைப் பார்த்தால், பழைய கார்டு 99 சதவீதத்தில் வேலை செய்தது. புதியது 55-ஐத் தாண்டவே இல்லை, பிராசசரின் ஒரு கோர் மட்டும் 98-ல் நிற்கிறது. பிராசசர்தான் இழுத்துப் பிடிக்கிறது என்று நினைக்கிறேன். சராசரியைவிட 1% லோதான் (மிக மெதுவாக வந்த 1% பிரேம்களின் வேகம்) எனக்கு முக்கியம். கூட்டமான தெருவில் ஓடும்போது காட்சி வெட்டி வெட்டி வருவது அதில்தான் பிடிபடும். அது இரண்டு கார்டிலும் 61-லேயே கிடக்கிறது.

பழைய டிரைவரை டிடியூ (டிரைவரை நீக்கும் மென்பொருள்) போட்டுச் சுத்தமாக நீக்கினேன். வி-சிங்க் (பிரேம் வேகத்தைத் திரையின் வேகத்தோடு கட்டிவைக்கும் வசதி) ஆஃப். ஒவ்வொரு காட்சியையும் நான்கு முறை ஓட்டி, ஷேடர் (காட்சியை வரையும் சிறு நிரல்) உருவாகும் முதல் ஓட்டத்தைக் கணக்கில் சேர்க்கவில்லை.

அப்புறம் இன்னொரு சந்தேகம். என் மதர்போர்டு பிசிஐஇ (கார்டை இணைக்கும் ஸ்லாட் வகை) 3.0. புதிய கார்டு 8 லேன் (தரவு போகும் பாதை) மட்டுமே எடுக்கிறது, அதாவது நொடிக்குச் சுமார் 8 ஜிபி. பழையதற்கு 16 லேனும் கிடைத்தது. இதன் பாதிப்பை எப்படித் தனியாகப் பிரிப்பது? பிசிஐஇ 4.0 போர்டில் 8 லேன் கார்டு வைத்திருப்பவர்கள், பயாஸில் (மதர்போர்டின் அடிப்படை செட்டிங்கில்) ஸ்லாட்டை 3.0-க்கு மாற்றி ஒருமுறை ஓட்டி, இரண்டு எண்களையும் சொல்ல முடியுமா?